மெலோட்ராமா, ஹிஸ்ட்ரியானிக்: ஸ்பெஷல் நாடகத்துக்கு இந்தப் பெயர்கள் பொருந்துமா?

வைகைக்கரை | ஏப்ரல் 6, இரவு 9.12

வெவ்வேறு ஊர் நடிகர்கள் கூடி விடியவிடியப் பாட்டும் வசனமுமாகப் போடும் மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றி இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் இரண்டு சொல்லை விடுவதே இல்லை. ஒன்று மெலோட்ராமா, இன்னொன்று ஹிஸ்ட்ரியானிக். இரண்டையும் வசவாகத்தான் போடுகிறார்கள். மிகை நடிப்பு, கத்தல், அழுகாச்சி என்று அர்த்தம். இந்தச் சொற்கள் எங்கிருந்து கிளம்பின? வள்ளி திருமணம், பவளக்கொடி மாதிரி நாடகங்களுக்கு இவை ஒட்டுமா? ஒட்டாது என்பது என் கட்சி. ஹிஸ்ட்ரியானிக் என்பது ஹிஸ்டீரியாவில் பிறந்த சொல். ஒரு நோயின் பெயரைக் கலைக்கு வைப்பதே தப்பு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடல்வாசி | ஏப்ரல் 6, இரவு 10.35

தம்பி, ஹிஸ்டீரியாவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஹிஸ்டீரியா கிரேக்கச் சொல், கருப்பையைக் குறிக்கும் ஹிஸ்டெராவிலிருந்து வந்தது. ஹிஸ்ட்ரியானிக் லத்தீன் வழி. ஹிஸ்ட்ரியோ என்றால் நடிகன்.

அதன் பின்னால் உள்ள வரலாற்றை ரோமாபுரி வரலாற்றாசிரியர் லிவி எழுதி வைத்திருக்கிறார். கி.மு. 364இல் ரோமில் கொள்ளைநோய். எந்த மருந்துக்கும் எந்த வேண்டுதலுக்கும் அடங்கவில்லை. தெய்வங்களின் கோபம் தணிக்க ரோமுக்கு வடக்கே இருந்த எட்ரூரியாவிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்தார்கள். அவர்கள் பாடவுமில்லை, வசனம் பேசவுமில்லை. குழலிசைக்கு ஆடினார்கள், அவ்வளவே. எட்ரூரியர் மொழியில் ஆட்டக்காரனுக்கு 'இஸ்டர்' என்று பெயராம். அதிலிருந்து ஹிஸ்ட்ரியோ. அம்மை கண்டால் மாரியம்மனுக்கு நாடகம் நேர்ந்துகொண்ட ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் நுழைகிறது. நீங்கள் சொல்லும் குழப்பத்துக்குக் காரணம் மனநல மருத்துவர்கள். அமெரிக்க மனநோய்க் கையேட்டின் 1968 பதிப்பு ஹிஸ்டீரியப் பெயரையும் ஹிஸ்ட்ரியானிக் பெயரையும் ஒரே ஆளுமைச் சிக்கலுக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. 1980 பதிப்பில் ஹிஸ்ட்ரியானிக் மட்டும் நின்றது. மருத்துவர்கள்தான் மேடையிலிருந்து சொல்லைக் கடன் வாங்கினார்கள். மேடைக்கு நோயிடம் கடன் ஏதுமில்லை.

கூடல்வாசி | ஏப்ரல் 6, இரவு 11.20

மெலோட்ராமாவும் பாக்கி இருக்கிறது. மெலோஸ் என்றால் கிரேக்கத்தில் பாட்டு, பண். அதோடு டிராமா. சேர்த்துப் படித்தால் இசை நாடகம். ஸ்பெஷல் நாடகத்துக்கு நம் பக்கத்தில் உள்ள மறுபெயரே அதுதான்.

ஐரோப்பாவில் இதற்கு முன்னோடியாகச் சொல்வது ரூசோவின் பிக்மேலியன், 1770இல் லியோனில் மேடையேறியது. அதில் நடிகர் பேசுவார், நிறுத்துவார், அந்த இடைவெளியில் வாத்தியம் அவர் மனநிலையைச் சொல்லும். மெலோட்ராமா என்ற பெயரோடு லண்டனில் முதலில் ஏறியது 1802இல், கோவென்ட் கார்டனில், தாமஸ் ஹோல்கிராஃப்ட் எழுதியது.

அது ஏன் அப்படிப் பரவியது என்பதற்குச் சட்டக் காரணம் ஒன்று உண்டு. 1737இல் வந்த உரிமச் சட்டத்தால் லண்டனில் அரச உரிமை பெற்ற ஓரிரு அரங்குகளில்தான் வசன நாடகம் போடலாம். மற்ற கொட்டகைகள் பாட்டும் வாத்தியமும் கலந்தால்தான் தப்பிக்கும். கலந்தார்கள். ஏழை எளியவர்கள் பார்த்த கொட்டகைகள் எல்லாம் மெலோட்ராமாக் கொட்டகைகள் ஆயின. 1843இல் புதுச் சட்டம் வந்து தடை நீங்கியது, ஆனால் 'உயர்ந்த நாடகம் வசனம், தாழ்ந்த நாடகம் பாட்டு' என்ற பிரிவினை மனதில் தங்கிவிட்டது. வசவு அங்கேதான் முளைக்கிறது.

வைகைக்கரை | ஏப்ரல் 7, காலை 7.05

அப்படியென்றால் மெலோட்ராமா பொருந்தும் என்கிறீர்களா அண்ணே?

அஞ்சரைக் கட்டை | ஏப்ரல் 7, பிற்பகல் 2.48

பிறப்புப் பொருளில் நூறு சதவீதம் பொருந்தும். ஸ்பெஷல் நாடகத்தில் வசனத்துக்கு அடியில் ஆர்மோனியம் ஓயாது. கால் ஆர்மோனியம் என்பதால் இரண்டு கையும் சும்மா இருக்கும். ஒரு கை சுருதியைப் பிடித்திருக்க, இன்னொரு கை நடிகர் அடுத்துப் பாடப்போகும் ராகத்தைத் தொட்டுக் காட்டும். நடிகருக்கு அதுதான் அழைப்பு. ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஒரு ஊர், பபூன் (கோமாளி) ஒரு ஊர், மிருதங்கம் ஒரு ஊர். ஒத்திகை கிடையாது. மேடைக்குப் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை அதைக் கட்டி இழுப்பது பின்பாட்டும் ஆர்மோனியமும்தான்.

இதில் சிக்கல் சுருதி. பாடுகிறவரின் அடிச் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ராஜபார்ட் அஞ்சு கட்டை, ஸ்திரீபார்ட் ஆறரைக் கட்டை என்று வந்து நின்றால், இருவரும் பாடியே வாதாடும் தர்க்கப் பாட்டில் தவிப்புதான். ஆளுக்கொரு சரணம் மாறி மாறி வரும். ஆர்மோனியக்காரர் கட்டையை மாற்றிப் பிடித்துவிடலாம். மிருதங்கத்தை என்ன செய்வது? வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், ஒரே சுருதியில் சேர்த்தது. விளிம்பில் கல்லால் தட்டினால் அரைக் கட்டை ஏறும், இறங்கும். ஒன்றரைக் கட்டை வித்தியாசத்துக்கு வேறு மிருதங்கம் எடுக்க வேண்டும். அதனால்தான் விவரமான ஆர்மோனியக்காரர் ஒப்பனை நடக்கும்போதே இரண்டு பேரையும் ஒரு வரி பாடச் சொல்லிப் பொதுச் சுருதி முடிவு செய்துவிடுவார். அதைச் செய்யாத இரவுகளில் ஒருவர் தொண்டை கிழியப் பாடுவார், இன்னொருவர் முனகுவார். கீழே உட்கார்ந்திருப்பவர் அதைத்தான் கத்தல் என்று எழுதுகிறார். அது சுருதிப் பிழை, நடிப்பு மிகை ஆகாது.

இடப்பக்கத் தோலான இடந்தலைக்கு அப்பிய ரவை நள்ளிரவுக்கு மேல் காய்ந்து உதிரும். ஈரத்துணி பக்கத்தில் இல்லாவிட்டால் விடியற்காலை அழுகைக் காட்சிக்குக் கும்கி என்கிற கனத்த ஒலி கிடைக்காது.

கூடல்வாசி | ஏப்ரல் 7, மாலை 6.30

பொருத்தம் சொல்லளவில் மட்டும் இல்லை. எழுதிய சீன்கள், தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன் என்று சுருட்டி இறக்கும் திரைகள், இவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராகச் சுற்றிய பார்சி நாடகக் கம்பெனிகள் பரப்பியவை. பார்சிக்காரர்கள் பார்த்துப் பழகியது விக்டோரியா காலத்து ஆங்கில மேடை. அங்கே கோலோச்சியது மெலோட்ராமா. ஆக இது தூரத்து உறவு. பாட்டும் தர்க்கமும் நம்முடையவை, சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) கட்டிக்கொடுத்தவை. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை பிள்ளைகளை வைத்துக் கட்டுக்கோப்பாகப் பயிற்சி கொடுத்த கம்பெனி. இன்றைக்கு ஒத்திகையே இல்லாமல் நாலு ஊர்க்காரர்கள் கூடி நாடகம் போட முடிகிறதென்றால், எல்லோருக்கும் மனப்பாடமாக அவர் பாடல்கள் பொதுவில் இருப்பதுதான் காரணம்.

முத்துவெள்ளை | ஏப்ரல் 8, பிற்பகல் 12.15

மிகை என்று சொல்கிறவர்கள் எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

நல்ல கண்ணால் 60 அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால், 5 மில்லிமீட்டருக்கு நெருக்கமான இரண்டு கோடுகள் ஒன்றாகிவிடும். இது சாதாரணக் கண்ணின் எல்லை. சாதாரண முகத்தில் இமைக்கோட்டுக்கும் புருவத்துக்கும் நடுவே உள்ள இடம், கண் சுருங்கும்போது, அந்த எல்லைக்கு வந்துவிடும். அப்புறம் கோபமா, தூக்கமா தெரியாது. அதனால்தான் புருவத்தை இயற்கையாக உள்ள இடத்துக்கு மேலே ஏற்றி எழுதுகிறோம். கீழிமை ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே மைக்கோடு. கண் அகலமாகத் தெரிவதும் விழி இடம்வலம் போவது தெரிவதும் அந்த வெள்ளையால். ஆறடியில் நின்று பார்த்தால் கோமாளித்தனம், அறுபதடியில் அது வள்ளியின் பார்வை.

அடித்தளம் போடும் முறை: முகம் கழுவித் துடைத்து ஈரம் போன பிறகு தேங்காயெண்ணெய் நாலைந்து சொட்டு. தேய்த்துவிட்டுத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பளபளப்பு நிற்கக் கூடாது. முத்துவெள்ளை என்கிற துத்தநாக வெள்ளையில் மஞ்சளும் சிவப்பும் ஆளின் நிறத்துக்குத் தக்கபடி சேர்த்து எண்ணெயில் குழைத்து, நெற்றியிலிருந்து கழுத்துவரை ஒரே வீச்சாக. காதும் பிடரியும் விட்டுப்போனால் முகமூடி மாட்டியது போல் இருக்கும். பிறகு பவுடர். தேய்க்கக் கூடாது, அழுத்தி அழுத்தி ஒற்ற வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் விட்டு மிச்சத்தைத் தட்டிவிட்டு, பிழிந்த ஈரத்துணியால் மேலாக ஒற்றினால் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகே புருவம், கண், உதடு.

கெடுவது பெரும்பாலும் எண்ணெய் அதிகமாகித்தான். சித்திரை மாசப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்தில் மேலுதட்டிலும் நெற்றிப்பொட்டிலும் வாய்க்கால் வெட்டும். வழிந்த இடத்தில் திரும்பப் பூசினால் திட்டுத்திட்டாக நிற்கும். ஒற்றி எடுத்துப் பவுடர் மட்டும் வைக்க வேண்டும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒப்பனைக்கே அரிதாரம் என்று பேர் வந்துவிட்டது. அசல் அரிதாரம் மஞ்சள் கல், ஆர்செனிக் சல்ஃபைடு. பழைய காலத்தில் முகத்தில் பூசினார்கள். நாட்டு மருந்துக் கடையில் தாளகம் என்று கேட்டு வாங்கி முகத்தில் போடும் வேலை யாருக்கும் வேண்டாம். விஷம்.

வைகைக்கரை | ஏப்ரல் 8, இரவு 8.50

இதுவரை யோசிக்காத கோணம். ஆனால் யூடியூபில் பார்க்கும்போது கண்ணை உறுத்துகிறதே?

முத்துவெள்ளை | ஏப்ரல் 8, இரவு 9.05

கேமராக்காரர் முகத்தை ஆறடிக்கு இழுத்து வைக்கிறார். மேடைக்காரர் அறுபதடிக்கு எழுதியிருக்கிறார். உறுத்தத்தான் செய்யும்.

குழாய் ரேடியோ | ஏப்ரல் 9, காலை 11.10

முகத்துக்குச் சொன்னது குரலுக்கும் சரி.

மைக் இல்லாத காலத்தில் கூட்டத்தின் கடைசி ஆளுக்குக் கேட்க ஒரே வழி சுருதியை ஏற்றுவது. நாடகப் பாடகர் கிட்டப்பா (1906–1933) பேரெடுத்தது அந்த உச்சத்தில்தான். மைக் வந்த பிறகு ஏன் இறக்கவில்லை என்று கேட்பார்கள். ஊர்த் திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டுவது குழாய், அதாவது கூம்பு ஒலிபெருக்கி. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குழாயில் வலு கிடையாது. ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு ஆதார சட்ஜம், அதாவது அடி 'ஸ', 131 ஹெர்ட்ஸ், குழாய் அதை விழுங்கிவிடும். அஞ்சரைக் கட்டையில் ஆதார சட்ஜம் 208, மேல் சட்ஜம் 415. பாட்டில் பாதிக்கு மேல் குழாய்க்குப் பிடித்த இடத்தில் விழும். சங்கீத சபைக்காரர் தாழ்ந்த சுருதியில் நின்று பாடி அழகு காட்டலாம். தோப்பில் கட்டிய குழாயில் அது முணுமுணுப்பு.

வசனம் ஏன் இழுத்து இழுத்து, வெட்டி வெட்டி வருகிறது என்பதும் இதில் சேர்த்தி. ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். மேடையிலிருந்து 70 மீட்டரில் ஊர்ப்பக்கம் ஒரு குழாய் கட்டியிருந்தால், நடிகர் பேசியது 0.2 நொடி கழித்து அவர் காதிலேயே விழும். தன் குரல் அந்த அளவு பிந்தி வந்தால் யாருக்கும் நாக்கு தடுமாறும். தப்பிக்க வழி: நாலு சொல், ஒரு நிறுத்தம்; நாலு சொல், ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் ஆர்மோனியம். அதைத்தான் மேலே ஒருவர் லியோன் நகரத்து விஷயமாகச் சொல்லியிருக்கிறார்.

மைக்கைப் பொறுத்தவரை வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் அரையடியிலிருந்து ஓரடி ஆனால் 6 டெசிபல் போச்சு. ஈடுகட்ட ஆபரேட்டர் ஏற்றுவார், ஏற்றினால் கூவும். நடிகர்கள் மேடை முன்னோரத்தில் வரிசையாக நிற்பதற்கும், ஒருவரை ஒருவர் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதற்கும் இதுதான் முக்கியக் காரணம்.

கூடல்வாசி | ஏப்ரல் 9, இரவு 10.02

நல்ல விளக்கம். தர்க்கத்தில் எதிராளியைப் பார்க்காமல் சபையைப் பார்த்துப் பதில் சொல்வது மைக்குக்கு முந்திய வழக்கமும்கூட. கிரேக்கத்தில் நடிகனுக்குப் பெயர் ஹிப்போகிரிட்டெஸ். பதில் சொல்கிறவன் என்று ஒரு விளக்கம். அது ஆங்கிலத்தில் கபடவேடதாரியைக் குறிக்கும் ஹிப்போகிரிட் ஆகிவிட்டது. இத்தாலியில் கன்னத்தை உப்பிக் காட்டிச் சிரிக்க வைத்தவன் பஃபோனே. ஆங்கிலத்தில் பஃபூன், நம் மேடையில் பபூன். வெளியே அது மடையனுக்குப் பெயர். இங்கே பபூன் என்பது சம்பளம் பேசி அழைக்கப்படும் ஒரு பதவி, முன்னிரவு முழுக்க அவர் கையில். ரோமில் ஹிஸ்ட்ரியோக்களுக்குச் சட்டப்படியே குடிமதிப்பு குறைவு. தமிழிலும் கூத்தாடி, வேஷம் போடுகிறான், நாடகமாடுகிறான் எல்லாம் ஏச்சுதான். ஆக இங்கிலீஷ்காரன் மட்டும் செய்த குற்றம் இல்லை இது. எல்லா ஊரிலும் ஆடியவனைப் பார்த்து ரசித்துவிட்டு அவன் தொழிற்பெயரை வசவாக்கியிருக்கிறார்கள். இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்பதில் உள்ள பார்ட்டும் கவனிக்கத் தக்கது. ஷேக்ஸ்பியர் காலத்து நடிகனுக்கு முழு நாடகமும் தரமாட்டார்கள். அவன் வசனமும் அதற்கு முன்வரும் இரண்டு மூன்று சொற்களும் மட்டும் எழுதிய சுருள். அது அவன் பார்ட். ரோல் என்ற சொல்லே சுருளிலிருந்து வந்தது. நம் ஸ்பெஷல் நாடக நடிகர் சுருள் இல்லாமல் அதே வேலையைச் செய்கிறார்.

வைகைக்கரை | ஏப்ரல் 10, காலை 6.40

சரி, மிகையே இல்லை என்று சாதிக்கப் போகிறோமா? பபூன் ஒரு மணி நேரம் மைக்கை விடாததும் கலைதானா?

கூடல்வாசி | ஏப்ரல் 10, காலை 9.25

இல்லை. மிகை உண்டு, அதற்கு அளவும் உண்டு என்பதுதான் பேச்சு. தொல்காப்பியம் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டையும் சேர்த்தே புலனெறி வழக்கம், அதாவது புலவர்களின் செய்யுள் மரபு, என்கிறது. சுவைபட வருவனவற்றையெல்லாம் ஓரிடத்தில் வந்தனவாகத் தொகுத்துச் சொல்வது நாடக வழக்கு என்று இளம்பூரணர் உரை சொல்கிறது. தொகுப்பது, செறிவாக்குவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடு, அதாவது உடலில் தெரியும் உணர்ச்சி, எட்டு. அழுகை மட்டும் எட்டு மடங்கானால் அது நாடக வழக்கு ஆகாது. விளாச்சேரியில் பிறந்த பரிதிமாற்கலைஞர் 1897இல் நாடகவியல் என்று தனி இலக்கணமே எழுதினார். மதுரைக்காரர்கள் இந்த அளவுகோல்களை விட்டுவிட்டு இரவல் வசவை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

மைக்கை விடாத பபூன் நேரத்தைத் தின்கிறார். வள்ளி திருமணத்தில் முருகன் வேலனாகவும் கிழவனாகவும் வரும் வேலன்–விருத்தன் காட்சி மூன்று மணிக்கு வர வேண்டியது, ஐந்து மணிக்கு வரும், பாதிச் சனம் எழுந்து போயிருக்கும். அது தவறுதான். அதற்கு ஹிஸ்ட்ரியானிக் என்று பெயர் வைத்தால் தவறு எங்கே என்பதே மறைந்துவிடும்.

முத்துவெள்ளை | ஏப்ரல் 10, மாலை 5.50

அளவு என்றதும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. 24 பெருவிரல் அகலம் ஒரு கோல். அரங்கம் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். விரல் ஏறத்தாழ ஓர் அங்குலம் என்றால் 14 அடிக்கு 16 அடி, உயரம் 2 அடி. அந்த உயரத்தைக் கவனியுங்கள். தரையில் உட்கார்ந்தவர் கண் சுமார் இரண்டரை அடியில் இருக்கும். 2 அடி மேடையில் பாதம் முழுக்கத் தெரியும். இப்போது ஊர்களில் கட்டும் சிமெண்ட் நாடக மேடை பல 4 அடி. விளிம்பிலிருந்து 6 அடியில் உட்கார்ந்தவருக்கு, 3 அடி உள்ளே நிற்கும் ஆட்டக்காரரின் காலில் முக்கால் அடி மறைந்துபோகும். சலங்கை சத்தம் கேட்கும், கால் தெரியாது. அப்புறம் கையையும் தோளையும் போட்டு ஆட்டினால்தான் ஆட்டம் என்று தெரியும். அதுவும் மிகை என்று எழுதப்படும்!

மேடை கட்டும் ஊர்க்காரர்கள் மூன்றடிக்குள் நிறுத்தினால் நல்லது.

வைகைக்கரை | ஏப்ரல் 11, இரவு 7.30

எங்கள் ஊரில் வைகாசிக்கு நாடகம். மேடை நாலடிதான், மாற்ற முடியாது. வேறு என்ன செய்யலாம்?

முத்துவெள்ளை | ஏப்ரல் 11, இரவு 8.44

முன்வரிசையைப் பத்தடி தள்ளிப் போடுங்கள். மறைவது அரையடிக்கும் குறையும். கயிறு கட்டாவிட்டால் பிள்ளைகள் நகர்ந்து வந்துவிடுவார்கள்.

அடுத்தது வெளிச்சம். தூணின் நிழல் விழாதபடி விளக்கு வைத்ததைச் சிலப்பதிகாரமே சொல்கிறது; இன்றைக்கும் பாதி மேடைகளில் நடிகர் தலைக்கு நேர் மேலே விளக்கைத் தொங்க விடுகிறார்கள். கண்குழி இருண்டுபோகும், எழுதிய புருவம் வீண். இரண்டு பக்கமும் 10, 12 அடி உயரத்தில், முன்னாலிருந்து சாய்வாக 45 பாகையில் விழட்டும். எல்.இ.டி. வாங்கும்போது 6500 கெல்வின் போட்டது வேண்டாம், நீலம் ஓடிச் சிவப்பு செத்துவிடும், உதடு காவியாகத் தெரியும். 3000 அல்லது 4000 கெல்வின், டப்பாவில் சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90 என்று இருந்தால் மேல். ஒப்பனைக் கொட்டகையிலும் அதே விளக்கு ஒன்று மாட்டச் சொல்லுங்கள். டியூப்லைட்டில் எழுதி மேடை விளக்கில் போய் நின்றால் நிறம் மாறிப்போகும்.

அஞ்சரைக் கட்டை | ஏப்ரல் 11, இரவு 9.15

ஊர்ப்பக்கக் குழாயை மேடைக்கு முதுகு காட்டிக் கட்டச் சொல்லுங்கள். திரும்பி வரும் சத்தம் பாதியாவது குறையும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் இரண்டு பேரிடமும் கட்டை என்ன என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கட்டைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மிருதங்கக்காரருக்குச் சொல்லிவிடுங்கள், இரண்டு வாத்தியம் கொண்டுவருவார். அதற்குத் தனியாகப் பேசித் தர வேண்டியிருக்கும், தயங்காமல் கொடுங்கள்.